நெற்றியில் திரும்பத் திரும்ப வந்த கட்டி: ஒரு தோல் புற்றுநோயில் வைரஸின் பங்கு

34 வயதுப் பெண் ஒருவருக்கு நெற்றியில் தோல் புற்றுநோய். அறுவை சிகிச்சை செய்து எடுக்கிறார்கள், மறுபடி வளர்கிறது. திரும்ப எடுக்கிறார்கள், திரும்பவும் வளர்கிறது. நோய் எதிர்ப்பு சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி கொடுத்துப் பார்க்கிறார்கள், அதற்கும் அடங்கவில்லை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஆண்ட்ரியா லிஸ்கோ என்ற மருத்துவரின் குழுவிடம் அவர் வந்து சேர்ந்தபோது நிலைமை இப்படித்தான் இருந்தது. அந்தக் குழு அவரிடம் கண்டுபிடித்ததை 2025 ஜூலை இறுதியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் வெளியிட்டது. பெயர் வெளியிடப்படாத அந்தப் பெண் அப்போது நலமாக இருந்தார். எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரே ஒரு நோயாளியைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. தோல் புற்றுநோய் தொடங்கும் கட்டத்தில் வைரஸுக்குப் பங்கு உண்டா என்ற வழக்கு அரை நூற்றாண்டாக முடியாமல் நடந்துகொண்டிருக்கிறது. கட்டியில் தேடினால் வைரஸ் கிடைப்பதில்லை, அதனால் அது காரணமில்லை என்பது ஒரு தரப்பு. கட்டியில் இல்லாவிட்டால் என்ன, கட்டி வருவதற்கு முன்னால் இருந்ததே என்பது இன்னொரு தரப்பு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வைரஸா வெயிலா என்று கேட்டுக்கொண்டிருந்தால் இந்த வழக்கு முடியவே முடியாது. எந்தக் கட்டத்தில், யாருடைய நோய் எதிர்ப்பு சக்தியின் முன்னால் என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் இதுவரை வந்த முரண்பட்ட ஆய்வுகள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி வருகின்றன, இந்தப் பெண்ணின் நோயும் புரிகிறது.

நோய் என்ன, இதில் என்ன விசித்திரம்

அவருக்கு வந்தது ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. தோலின் மேலடுக்கைக் கட்டும் கெரட்டினோசைட் செல்களில் வரும் புற்றுநோய். வெள்ளைத் தோல் கொண்டவர்களிடம் பேஸல் செல் கார்சினோமாவுக்கு அடுத்தபடியாக அதிகம் வருவது இதுதான். பொதுவாக வயதானவர்களுக்கு, ஆண்டுக்கணக்கில் வெயில் பட்ட முகம், காது, தலை, புறங்கை ஆகிய இடங்களில் வரும், பெரும்பாலும் வெட்டி எடுத்தால் அத்தோடு முடிந்துவிடும். 34 வயதில் வருவதே அபூர்வம், வந்தது இவ்வளவு பிடிவாதமாகத் திரும்பி வருவது அதைவிட அபூர்வம்.

இன்னொரு தடயமும் இருந்தது. அவர் உடலில் மருக்கள் இருந்தன, வாய்க்குள்ளும் அதே மாதிரி வளர்ச்சிகள். மரு என்றாலே ஹ்யூமன் பாப்பிலோமா வைரஸ், அதாவது எச்பிவி. ஆக, இந்த உடலில் எச்பிவி கட்டுக்கடங்காமல் திரிகிறது என்பது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. ஆனால் மருவும் புற்றுநோயும் ஒரே கதையின் இரண்டு பகுதிகளா, அல்லது பக்கத்துப் பக்கத்தில் நடக்கும் இரண்டு தனிக் கதைகளா?

முதலில் சந்தேகம் விழுந்தது சூரியன் மீது. அவருக்குப் பரம்பரையாக வந்த ஒரு கோளாறு இருந்தது. அதனால் வெயில் செய்யும் சேதத்தைத் தோல் செல்களால் சரிசெய்ய முடியவில்லை, அதனால்தான் கட்டி ஓயாமல் வருகிறது என்று நினைத்தார்கள். இது நியாயமான சந்தேகம்தான். புற ஊதாக் கதிர் பட்டால் டிஎன்ஏவில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆரோக்கியமான செல் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக எழுதிக்கொள்ளும். அந்த வெட்டி எழுதும் வேலை பிறவியிலேயே கெட்டுப்போனவர்கள் இருக்கிறார்கள், ஜீரோடெர்மா பிக்மென்டோசம் என்று அந்த நோய்க்குப் பெயர், அவர்களுக்குச் சிறு வயதிலேயே முகமெல்லாம் தோல் புற்றுநோய் வரும். இவருக்கும் அதுபோல ஏதோ ஒன்று என்று நினைத்ததில் தவறில்லை.

ஆனால் சோதித்துப் பார்த்தபோது அவருடைய செல்கள் புற ஊதாச் சேதத்தைச் சரிசெய்யக்கூடியவை என்று தெரிந்தது. இந்த ஒரு முடிவுதான் ஆய்வின் திசையையே மாற்றியது. பழுதுபார்க்கும் வேலை நடக்கிறது, ஆனாலும் கட்டி வருகிறது என்றால் கட்டியை வளர்ப்பது வேறு ஏதோ ஒன்று.

கட்டிக்குள் என்ன இருந்தது

கட்டியின் மரபணுவைப் படித்தார்கள். அதற்குள் எச்பிவி 19 இருந்தது. மேலோட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கவில்லை; வைரஸின் டிஎன்ஏ அந்தப் பெண்ணின் செல்லின் டிஎன்ஏவுக்குள்ளேயே போய்ச் செருகிக்கொண்டு, அங்கிருந்தபடி தன் புரதங்களைத் தயாரித்துக்கொண்டிருந்தது.

இது ஏன் பெரிய விஷயம் என்று புரிய எச்பிவி குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதில் 200க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. நம் எல்லோருக்கும் தெரிந்தது கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் 16, 18 ஆகிய வகைகள். ஹரால்ட் ட்சுர் ஹவுசனின் ஜெர்மன் குழு 1983இல் எச்பிவி 16ஐக் கண்டுபிடித்தது, அதற்காக அவருக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. அவை ஆல்ஃபா என்ற கிளையைச் சேர்ந்தவை. எச்பிவி 19 பீட்டா கிளை. 5, 8, 38 எல்லாம் இந்தக் கிளைதான். பீட்டா வைரஸ்கள் தோலில் சாதாரணமாகக் குடியிருப்பவை. ஆரோக்கியமான பெரியவர்களின் புருவ முடியைப் பிடுங்கிப் பார்த்தால் பலரிடம் அவை இருக்கும், பிறந்த சில வாரங்களிலேயே பெற்றோரிடமிருந்து குழந்தைக்குத் தொற்றிவிடும், பெரும்பாலும் மருகூட உண்டாக்காது. இதைப் படிப்பவர்களில் பலருடைய தோலிலும் இந்தக் கிளையைச் சேர்ந்த ஏதாவது ஒன்று இப்போது இருக்கும். பயப்பட எதுவுமில்லை.

இப்படிச் சாதுவாக இருப்பவை மனித டிஎன்ஏவுக்குள் புகுந்து புற்றுநோயைத் தாங்களே ஓட்டிக்கொண்டு போவதில்லை, வெயில் செய்யும் சேதம் சேர்வதற்கு அதிகபட்சம் துணை போகும் என்பதுதான் பொதுவாக இருந்த எண்ணம். இந்தப் பெண்ணின் கட்டி அந்த எண்ணத்துக்கு நேர் எதிராக நின்றது.

ஏன் இவரிடம் மட்டும்? விடை ஜாப் 70 என்ற மரபணுவில் இருந்தது. நோய் எதிர்ப்பு வேலை செய்யும் வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல் ஒன்று, வைரஸ் பிடித்த செல்லைத் தன் ஏற்பி மூலம் தொட்டு அடையாளம் கண்டதும் அந்தச் செய்தி செல்லுக்குள்ளே போக வேண்டும், அதைக் கொண்டுபோகும் புரதங்களில் முக்கியமானது ஜாப் 70. அது முழுவதுமாக இல்லாவிட்டால் குழந்தைப் பருவத்திலேயே கடுமையான தொற்றுகள் வரும். இவருக்கு இருந்தது அந்த மரபணுவில் ஒரு கோளாறு. டி செல்கள் எதிரியைத் தொடுகின்றன, ஆனால் சரியாகக் கிளம்புவதில்லை. அதனால் மற்றவர்களின் தோலில் அடங்கிக் கிடக்கும் வைரஸ் இவருடைய தோலில் தடையே இல்லாமல் பெருகியது, ஒரு செல்லில் டிஎன்ஏவுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

இம்யூனோதெரபி ஏன் தோற்றது என்பதையும் இதை வைத்துப் புரிந்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன். இந்தப் புற்றுநோய்க்குப் பொதுவாகக் கொடுக்கும் மருந்துகள், உதாரணமாக 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செமிப்லிமேப், டி செல்லின் பிரேக்கை விடுவிப்பவை. இன்ஜினுக்குப் போகும் வயரே அறுந்துகிடக்கும் வண்டியில் பிரேக்கை எவ்வளவு விடுவித்தாலும் அது நகராது.

பழைய கதை: முயலும், பாசெலும், வார்சாவும்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஏனென்றால் இந்த 2025 நோயாளியிடம் பார்த்ததின் பாதி 1930களிலேயே முயல்களிடம் தெரிந்துவிட்டது.

அமெரிக்காவில் ரிச்சர்ட் ஷோப் 1933இல் காட்டு முயல்களுக்கு வரும் கொம்பு போன்ற மருக்கள் வைரஸால் வருபவை என்று காட்டினார். பேட்டன் ரௌஸ் அதே வைரஸை எடுத்து வீட்டு முயல்களில் போட்டபோது மருக்கள் புற்றுநோயாக மாறின. அதைவிட முக்கியமானது அடுத்து அவர் கிட் என்பவரோடு செய்தது. முயலின் காதில் தார் பூசி, பிறகு வைரஸைச் செலுத்தினார்கள். தனியாகத் தாரோ தனியாக வைரஸோ செய்வதைவிட மிக வேகமாகப் புற்றுநோய் வந்தது. அதாவது வைரஸ் ஒன்று, டிஎன்ஏவைக் கெடுக்கும் பொருள் ஒன்று, இரண்டும் கைகோத்தால் என்ன ஆகும் என்பது 1938 வாக்கிலேயே தெரிந்துவிட்டது. வீட்டு முயல்களின் அந்தக் கட்டிகளிலிருந்து வைரஸைத் திரும்ப எடுக்க முயன்றபோது பெரும்பாலும் கிடைக்கவில்லை. கட்டியில் வைரஸ் கிடைக்காத இந்தப் புதிர் அன்றே தொடங்கிவிட்டது.

மனிதர்களில் முதல் தடயம் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்தில். 1922இல் லெவன்டோவ்ஸ்கி, லுட்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் உடல் முழுக்கத் தட்டையான மருக்கள் கொண்ட ஒரு நோயாளியை விவரித்தார்கள். எபிடெர்மோடிஸ்பிளேசியா வெருசிஃபார்மிஸ் என்று அந்த நோய்க்குப் பெயர், சுருக்கமாக ஈவி. சின்ன வயதில் மரு தொடங்கும், முப்பது நாற்பது வயதுக்குள் பலருக்கு ஸ்குவாமஸ் செல் கார்சினோமா வரும். 1970களில் வார்சாவில் ஸ்டெஃபானியா யப்லோன்ஸ்காவும் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஜெரார்ட் ஓர்த்தும் சேர்ந்து இந்த நோயாளிகளின் தோலில் இருப்பவை தனி வகை எச்பிவிக்கள் என்று காட்டினார்கள், புற்றுநோயாக மாறிய இடங்களில் எச்பிவி 5, கூடவே 8, திரும்பத் திரும்பக் கிடைத்தன. மனிதத் தோல் புற்றுநோயில் பாப்பிலோமா வைரஸைப் பிடித்தது அங்கேதான் தொடங்கியது.

ஈவியில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். புற்றுநோய் வருவது பெரும்பாலும் வெயில் படும் இடங்களில்தான். மரு உடல் முழுக்க இருந்தாலும் நெற்றியும் கையும்தான் மாட்டுகின்றன. அப்புறம், ஆப்பிரிக்காவில் கறுப்புத் தோல் கொண்ட ஈவி நோயாளிகளுக்கு அதே வைரஸ்கள் இருந்தும் புற்றுநோய் மிகக் குறைவாகவே வருகிறது. வைரஸ் மட்டும் போதாது, வெயிலும் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது.

2002இல் பாஸ்டர் நிறுவனத்தில் நிக்கோலா ரமோஸ், மிஷெல் ஃபாவ்ர், ஓர்த் ஆகியோர் ஈவிக்குக் காரணமான ஈவர் 1, ஈவர் 2 மரபணுக்களைக் கண்டுபிடித்தார்கள், 2018இல் சிஐபி 1 என்ற மூன்றாவதும் சேர்ந்தது. மூன்றும் சேர்ந்து கெரட்டினோசைட்டுக்குள்ளேயே பீட்டா வைரஸ்களை அடக்கிவைக்கின்றன. ஆல்ஃபா வைரஸ்களிடம் இந்தக் காவலை முறிக்க ஒரு புரதம் உண்டு, பீட்டாவிடம் இல்லை. அதனால்தான் நம்மிடம் அவை சாதுவாக இருக்கின்றன.

காணாமல் போகும் வைரஸ்

சரி, ஈவியும் ஜாப் 70 கோளாறும் அபூர்வமானவை. சாதாரண மனிதர்களுக்கு வரும் தோல் புற்றுநோயில் வைரஸுக்கு என்ன பங்கு? சண்டை எல்லாம் இங்கேதான்.

ஆக்டினிக் கெரடோசிஸ் என்று ஒன்று உண்டு. வெயில் பட்ட தோலில் சொரசொரவென்று, கையால் தடவினால் உப்புத்தாள் போலத் தெரியும் சிறு திட்டு. புற்றுநோய்க்கு முந்தைய நிலை இது, இதில் சில பிறகு ஸ்குவாமஸ் செல் கார்சினோமாவாக மாறும். இந்தத் திட்டுகளில் பீட்டா வைரஸின் அளவு அதிகமாக இருக்கிறது. முற்றிய கட்டியில் குறைந்துவிடுகிறது, எல்லா செல்லிலும் ஒன்று வீதம்கூட இருப்பதில்லை. 2011இல் கட்டிகளின் ஆர்என்ஏவை, அதாவது மரபணுக்கள் இயங்கும்போது உண்டாகும் நகல்களை, மொத்தமாகப் படித்த ஆய்வில் வைரஸ் தன் மரபணுக்களை இயக்கும் அறிகுறியே கிடைக்கவில்லை. கருப்பை வாய்ப் புற்றுநோயில் இப்படி இல்லை. அங்கே எச்பிவி 16 கடைசிவரை ஒவ்வொரு செல்லிலும் உட்கார்ந்து இ6, இ7 என்ற இரண்டு புரதங்களைத் தயாரித்துக்கொண்டே இருக்கும், அவற்றை நிறுத்தினால் செல் நின்றுவிடும். அந்த அளவுகோலைத் தோலில் வைத்துப் பார்த்தவர்கள் பீட்டா வைரஸுக்கு விடுதலை கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு இந்தத் தீர்ப்பு ஏற்புடையதில்லை. ஏன் என்று சொல்ல மிகச் சரியான பரிசோதனை ஒன்று இருக்கிறது. பிரான்சின் லியோன் நகரில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையில் மாசிமோ தொம்மசினோ குழு, ஹைடல்பெர்க் ஆய்வாளர்களோடு சேர்ந்து, எச்பிவி 38இன் இ6, இ7 மரபணுக்களைத் தோலில் இயக்கும் எலிகளை வளர்த்தது. சாதாரண எலிகளுக்கு எதுவும் செய்யாத அளவு புற ஊதாக் கதிரை இந்த எலிகளுக்குக் காட்டினால் முதலில் கெரடோசிஸ் போன்ற திட்டு, பிறகு புற்றுநோய். அந்த எலிகளின் தோலில் சேர்ந்த மரபணுப் பிழைகள் சாதாரண எலிகளைவிட மிக அதிகம், எல்லாம் வெயில் முத்திரை பதித்த பிழைகள். அதன் பிறகு செய்ததுதான் முக்கியம்: திட்டு உண்டான பின் வைரஸ் மரபணுக்களை வெட்டி நீக்கினார்கள். கட்டி நிற்கவில்லை. வைரஸ் இல்லாமலே வளர்ந்துகொண்டு போனது. 2018இல் வெளியான இந்த ஆய்வு எனக்குக் கற்பித்தது என்னவென்றால், தொடக்கத்தில் வைரஸ் இல்லாமல் அந்தப் புற்றுநோய் வந்திருக்காது, வந்த பிறகு அதற்கு வைரஸ் தேவையில்லை. கட்டியில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

மரபணு மாற்றிய எலியில் எதை வேண்டுமானாலும் நடத்திக் காட்டலாம் என்று ஒருவர் சொல்லலாம், நியாயம்தான். அதற்கும் ஹைடல்பெர்க்கிலிருந்தே பதில் வந்தது. மாஸ்டோமிஸ் என்ற ஆப்பிரிக்க எலிகளுக்கு இயற்கையாகவே தோலில் ஒரு பாப்பிலோமா வைரஸ் உண்டு, நமக்குப் பீட்டா வைரஸ் இருப்பது போலவே பிறந்த சில காலத்தில் தொற்றும். வைரஸ் உள்ள எலிகளுக்குப் புற ஊதாக் கதிர் காட்டியபோது புற்றுநோய் வந்தது, வைரஸ் இல்லாதவற்றுக்கு மிகக் குறைவு. அந்தக் கட்டிகளிலும் இரண்டு ரகம் இருந்தது. இன்னும் தோல் செல்லின் சாயல் மாறாத கட்டிகளில் வைரஸ் நிறைய, சாயல் முற்றிலும் கெட்டுப்போன முற்றிய கட்டிகளில் வைரஸ் ஏறக்குறைய இல்லவே இல்லை, அவற்றில் பி53 என்ற, சேதமான செல் பெருகாமல் தடுக்கும் காவல் மரபணு கெட்டுப்போயிருந்தது. ஒரே விலங்கினத்தில், ஒரே வைரஸில், தொடக்கமும் முடிவும் அருகருகே.

இது எப்படி நடக்கிறது என்பதும் ஓரளவு தெரியும். வெயிலில் டிஎன்ஏ மோசமாகச் சேதமான செல் தன்னையே அழித்துக்கொள்ள வேண்டும். பாக் என்ற புரதம் அதைச் செய்விக்கும். எச்பிவி 5இன் இ6 அந்த பாக்கை அழித்துவிடுகிறது. எச்பிவி 5, 8 இரண்டின் இ6உம் பி300 என்ற புரதத்தைக் கெடுத்து டிஎன்ஏ பழுதுபார்ப்பைத் தளர்த்துகின்றன. எச்பிவி 38 பி53இன் வேலையைத் தடுக்கிறது. எச்பிவி 8இன் இ6 நாட்ச் என்ற சமிக்ஞையை அடைக்கிறது. நாட்ச்தான் தோல் செல்லிடம் பிரிந்து பெருகுவதை நிறுத்திவிட்டு முதிர்ந்து மேலே போ என்று சொல்வது. வைரஸுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் நோக்கம் எதுவும் இல்லை. அது பெருக வேண்டுமானால் செல் பிரிந்துகொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் செத்திருக்க வேண்டிய செல் சாகாமல், பிழையோடு பிரிந்துகொண்டே இருந்தால் அடுத்த வெயிலில் அடுத்த பிழை சேரும்.

இதில் என்னை மிகவும் கவர்ந்த பொருத்தம் ஒன்று உண்டு. மனிதத் தோல் கட்டிகளில் நிரந்தரமாகக் கெட்டுப்போய்க் கிடக்கும் மரபணுக்களைப் பார்த்தால் முதல் வரிசையில் பி53உம் நாட்சும் நிற்கின்றன. தொடக்கத்தில் வைரஸ் தற்காலிகமாக எதை அமுக்கிப் பிடித்ததோ அதையே பிறகு வெயில் நிரந்தரமாக உடைத்துவிடுகிறது. உடைந்த பிறகு அமுக்க ஆள் எதற்கு? வைரஸ் காணாமல் போவதற்கு இதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

எதிர்த் தரப்பு, அதுவும் வலுவானது

2019இல் நேச்சர் இதழில் ஷாத்மெஹ்ர் தெமெஹ்ரியின் பாஸ்டன் குழு முற்றிலும் வேறான ஒரு முடிவோடு வந்தது. எலிகளுக்கு எலி பாப்பிலோமா வைரஸைத் தொற்றவைத்து, அவற்றுக்கு அந்த வைரஸுக்கு எதிரான சக்தி வந்த பிறகு தோல் புற்றுநோயை உண்டாக்க முயன்றார்கள். வைரஸ் தொற்றிய எலிகளுக்குப் புற்றுநோய் குறைவாக வந்தது! காரணம் சிடி8 டி செல்கள். தோலில் பிழை சேர்ந்து பெருகத் தொடங்கும் செல்லில் வைரஸும் இருந்தால், வைரஸை அடையாளம் வைத்து டி செல்கள் அந்தச் செல்லையே தீர்த்துவிடுகின்றன. மனிதத் தோலிலும் பீட்டா வைரஸை அடையாளம் காணும் டி செல்கள் இருப்பதைக் காட்டினார்கள். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்குத் தோல் புற்றுநோய் அதிகம் வருவதற்குக் காரணம் வைரஸின் கெடுதல் இல்லை, வைரஸை வைத்துக் கிடைத்த பாதுகாப்பை இழப்பதுதான் என்பது அவர்கள் வாதம்.

இதைச் சாதாரணமாக ஒதுக்க முடியாது. 2015இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், அறுவையில் நீக்கிய கண் இமைத் தோலைப் படித்தபோது, நோயே இல்லாத அந்தத் தோலில் நான்கில் ஒரு பங்கு செல்கள் ஏற்கெனவே புற்றுநோயை நோக்கித் தள்ளும் பிழைகளைச் சுமந்துகொண்டிருந்தன, நாட்ச் பிழைகள் உட்பட. அவ்வளவு பேருக்கும் அவ்வளவு கட்டி வருவதில்லை என்றால் யாரோ ஓயாமல் துப்புரவு செய்கிறார்கள் என்றுதான் பொருள்.

லியோனும் பாஸ்டனும் ஒன்றையொன்று மறுப்பதாக எனக்குப் படவில்லை. வைரஸ் செல்லுக்குக் கெடுதல் செய்கிறது. அதே வைரஸ் அந்தச் செல்லை டி செல்லுக்குக் காட்டியும் கொடுக்கிறது. எது வெல்லும் என்பது டி செல் வேலை செய்கிறதா என்பதைப் பொறுத்தது. இந்தப் பெண்ணிடம் டி செல் வேலை செய்யவில்லை. அதனால் மற்றவர்களிடம் தொடக்கத்தில் வந்துவிட்டுப் போகும் வைரஸ், காட்டிக்கொடுக்கப்படும் அபாயம் இல்லாமல் கடைசிவரை தங்கிவிட்டது. சாதாரணக் கட்டியில் வைரஸ் பேசாமல் ஒடுங்குவதற்குக்கூட டி செல்களின் நெருக்கடி ஒரு காரணமாக இருக்கலாம். இது என் யூகம், ஆனால் இந்த நோயாளியைப் பார்த்த பிறகு வலுப்பட்ட யூகம்.

சிகிச்சையும் பலனும்

கட்டியை விட்டுவிட்டு எதிர்ப்பு சக்தியையே மாற்றுவது என்று முடிவெடுத்தார்கள். நன்கொடையாளரின் ஸ்டெம் செல்களைக் கொண்டு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை. சாதாரண முடிவில்லை இது, உயிருக்கே ஆபத்துள்ள சிகிச்சை. தோல் நோய்க்காக யாரும் எளிதில் கையிலெடுக்க மாட்டார்கள். புதிய டி செல்கள் வந்தன. மருக்கள் போயின, வாய்க்குள் இருந்த வளர்ச்சிகள் போயின, திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்த அந்த நெற்றிப் புற்றுநோயும் போனது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் கவனித்தும் எதுவும் திரும்பவில்லை.

கோளாறு எங்கே இருக்கிறது என்று சரியாகக் கண்டுபிடித்ததால் கிடைத்த வெற்றி இது. ஜாப் 70 ரத்த வழி வந்த செல்களில் வேலை செய்வது, எனவே மஜ்ஜையை மாற்றினால் கோளாறு போய்விடும். பாரம்பரிய ஈவி நோயாளிக்கு இதே சிகிச்சை செய்திருந்தால் இந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. அங்கே கோளாறு கெரட்டினோசைட்டுக்குள், மஜ்ஜையை மாற்றினாலும் தோல் அதே தோல்தான். இதற்கு ஒரு முன்னனுபவமும் உண்டு. ஜாக் 3 போன்ற மரபணுக் கோளாறால் எதிர்ப்பு சக்தியே இல்லாமல் பிறந்து, மாற்று சிகிச்சையால் பிழைத்த குழந்தைகளில் சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்துக் கடுமையான எச்பிவி மருக்கள் வந்ததை 2004இல் பாரிஸ் மருத்துவர்கள் லான்செட்டில் எழுதினார்கள். ரத்தம் சரியானாலும் தோல் செல்லின் குறை அப்படியே இருந்ததுதான் அங்கே காரணமாகச் சந்தேகிக்கப்பட்டது. ஆக, மஜ்ஜை மாற்று எல்லா எச்பிவி நோய்க்கும் மருந்து என்று இந்தச் செய்தியைப் படிக்கக் கூடாது.

இதிலிருந்து யாருக்கு என்ன

ஒரு நோயாளியை வைத்து எல்லாத் தோல் புற்றுநோய்க்கும் வைரஸ்தான் காரணம் என்று பரப்புகிறவர்கள் வருவார்கள். அது பொய். பேஸல் செல் கார்சினோமாவும் மெலனோமாவும் இந்தக் கதையில் இல்லவே இல்லை. நேரடியாக வைரஸ் ஓட்டும் தோல் புற்றுநோய் என்றால் மெர்க்கல் செல் கார்சினோமாதான் தெளிவான உதாரணம், 2008இல் பிட்ஸ்பர்கில் யுவான் சாங், பேட்ரிக் மூர் குழு கண்டுபிடித்த பாலியோமா வைரஸ் அதில் சுமார் 80 சதவீதக் கட்டிகளில் இருக்கிறது, ஆனால் அது அபூர்வமான புற்றுநோய். எச்பிவி 5, 8 இரண்டையும் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ஈவி நோயாளிகளுக்கு மட்டும் ‘காரணமாக இருக்கலாம்’ என்ற வரிசையில்தான் வைத்திருக்கிறது. இப்போது போடப்படும் எச்பிவி தடுப்பூசி ஆல்ஃபா வகைகளுக்கானது, அதில் 19 கிடையாது. பெண் குழந்தைகளுக்கு அதைப் போட வேண்டிய காரணம் கருப்பை வாய்ப் புற்றுநோய், அது போதுமான காரணம்.

ஆனால் உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களுக்கு இந்த விஷயம் நேரடியாகப் பொருந்தும். மாற்றிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் மருந்துகள் டி செல்லை அடக்குபவை. வெளிர் தோல் கொண்ட நாடுகளில் இவர்களுக்கு ஸ்குவாமஸ் செல் கார்சினோமா மற்றவர்களைவிடப் பல பத்து மடங்கு அதிகம். எல்லாப் பழியையும் வைரஸ் மீது போட முடியாது, அசாதையோபிரின் மாத்திரையே டிஎன்ஏவைப் புற ஊதாக் கதிருக்கு மேலும் பலவீனமாக்குகிறது. ஒரு முறை இந்தப் புற்றுநோய் வந்தவர்களைச் சிரோலிமஸ் மருந்துக்கு மாற்றினால் மறுபடி வருவது குறைகிறது என்று 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. இது சிறுநீரக மருத்துவர் முடிவெடுக்க வேண்டியது, நோயாளியே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

நம் ஊரில் உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மெலனின் நம்மைக் காப்பாற்றுகிறது, முகத்திலும் கையிலும் இந்தப் புற்றுநோய் நமக்குக் குறைவு, உண்மைதான். ஆனால் அமெரிக்காவில் கறுப்பினத்தவர்களான உறுப்பு மாற்று நோயாளிகளைப் பார்த்த 2016ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, அவர்களுக்கு வந்த ஸ்குவாமஸ் செல் கட்டிகள் பெரும்பாலும் வெயிலே படாத இடங்களில், குறிப்பாகப் பிறப்புறுப்புப் பகுதியில் இருந்ததையும், அவற்றில் பலவற்றில் எச்பிவி இருந்ததையும் காட்டியது. கறுத்த தோலில் வெயிலின் பங்கு குறையும்போது வைரஸின் பங்கு முன்னுக்கு வருகிறது. பரிசோதனைக்குப் போகும்போது கூச்சப்பட்டு முகத்தையும் கையையும் மட்டும் காட்டிவிட்டு வந்தால் பார்க்க வேண்டிய இடம் விட்டுப்போகும். மறைவிடத்தில் ஆறாத புண், கெட்டியான மரு, நிறம் மாறிய திட்டு இருந்தால் கேட்காமலே சொல்லுங்கள். மருத்துவர்களும் இளம் வயதில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, கூடவே எந்த மருந்துக்கும் அடங்காத மருக்கள் என்று ஒருவர் வந்தால் கட்டியை வெட்டி அனுப்புவதோடு நிற்காமல் டி செல் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும், எடுத்த கட்டியில் பீட்டா எச்பிவி இருக்கிறதா, இருந்தால் அதன் ஆர்என்ஏ இயங்குகிறதா என்றும் தேடச் சொல்ல வேண்டும்.